வித்தியாசமே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கம்

பிள்ளைகளா, அப்பாவுக்கு இடி என்றால் பயம் என்று நீங்கள் இரண்டு பேரும் பக்கத்து வீடு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பொய்யில்லை. வானம் லேசாக உறுமினாலே எழுந்து நின்றுவிடுவேன். ஆனால் அது மின்னலுக்குப் பயந்து அல்ல. இடி இடித்தால் ஊரே பிளக்கைப் பிடுங்க ஓடும். ஒரு காலத்தில் நான் ஒருவன் மட்டும், யாரையும் பிடுங்க விடாமல் தடுக்க ஓடினேன். அதைத்தான் எழுதப் போகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள். (பள்ளிக்கூடத்துல மட்டும் சொல்லிடாதீங்க.)

ஸ்டெல்லா எல்.கே.ஜி. போன வருஷம் அது. ஜெரோம் பிறக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மரைன் ஹில்லுக்குக் கீழே ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹேவ்லாக் தீவுக்குப் பயணிகள் படகு விடுகிற கம்பெனி. முதலாளி திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"ஏல ஆரோக்கியம், ஆறு மாசம் பாப்பேன். சரியா இருந்தா ஒண்ணாந்தேதி நிரந்தரம்னு லெட்டர். இல்லேன்னா மெயின்லாண்டுக்குக் கப்பல் டிக்கெட் நானே எடுத்துத் தாரேன்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெய்ரி ஃபார்ம் பகுதியில் வாடகை வீடு, ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடம், எல்லாமே அந்த லெட்டரை நம்பித்தான் இருந்தது.

கம்பெனியில் நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. டிக்கெட்டுக்கு ஒன்று, பயணிகள் பட்டியலுக்கு ஒன்று, ஆட்களின் வருகைப் பதிவுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. அண்ணாச்சி ஒரு பெரிய சர்வர் வாங்கி, நான்கையும் அதற்குள் போடச் சொன்னார். எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பி நான்கு குடித்தனம் வைக்கிற மாதிரி. ஒவ்வொரு குடித்தனமும் மொத்த வீடும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவரை எழுப்புகிற சாப்ட்வேர் இலவசமாகவும் கிடைக்கிறது, காசுக்கும் கிடைக்கிறது.

"ரெண்டையும் போட்டுப் பாரு. என்ன வித்தியாசம்னு எழுதிக் கொடு" என்றார் அண்ணாச்சி.

நம்ம தீவுக்குக் கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வந்த புதுசு. அதற்கு முன்னால் இங்கே ஒரு போட்டோ இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். இப்போது எதைத் தொட்டாலும் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் 'இலவசம்' என்ற பொத்தானை ஒரு தடவை அமுக்கினேன், 'முழு வசதி' என்ற பொத்தானை ஒரு தடவை அமுக்கினேன். இறங்கியதை இரண்டு பழைய பெட்டிகளில் போட்டு இரண்டு வாரம் சோதித்தேன்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். இரண்டு பொத்தானும் ஒரே ஃபைலைத்தான் இறக்கின. வித்தியாசமெல்லாம், பிறகு நாம் டைப் செய்ய வேண்டிய 'கீ' என்ற நீளமான எண்ணில் இருந்தது. இலவசக் கீ போட்டால் பாதி வசதி மூடிக்கொள்ளும். காசுக் கீ போட்டால் எல்லாம் இருக்கும். எதுவுமே போடாவிட்டால், பழகிப் பார்க்கட்டும் என்று அறுபது நாளைக்கு எல்லாம் திறந்திருக்கும். நான் எதுவுமே போடவில்லை. ஆக, இரண்டு வாரமாக ஒரு சாமானை அதே சாமானோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் கேவலம் என்னவென்றால், ஒரு வித்தியாசம் கண்டுபிடித்தும் விட்டேன்! 'காசு சாப்ட்வேர் சற்று வேகமாக இருக்கிறது' என்று எழுதினேன். (அந்தப் பெட்டி ஃபேனுக்கு நேர் கீழே இருந்துச்சு. அவ்வளவுதான்.) மற்றபடி நான்கு பக்கமும் இடது பக்கம் டிக், வலது பக்கம் டிக். கடைசியில் அடிக்கோடு போட்டு, 'பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. இலவசமே போதும்.'

அண்ணாச்சி அதை லேமினேட் செய்துவிட்டார். மற்றப் படகுக்காரர்களிடம் காட்டி, "நம்ம பய ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுதான்" என்றார். என் தலை கூரையைத் தொட்டது. அதே ஃபைலை, கீ எதுவும் போடாமலே, புதுச் சர்வரிலும் ஏற்றினேன்.

அந்தச் சாப்ட்வேரில் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்த வசதி ஒன்று இருந்தது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கு குடித்தனத்தையும் நகல் எடுத்துவிட்டு, 'நகல் எடுத்தாச்சு' என்று அவர் போனுக்குச் செய்தி அனுப்பும். அது வந்த பிறகுதான் அவர் செருப்பை மாட்டுவார்.

நாற்பத்தொன்பதாம் நாள் திரையில் மஞ்சள் பட்டை ஒன்று வந்தது. இன்னும் பதினொரு நாள் என்றது. எதற்குப் பதினொரு நாள்? உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பங்கு ரத்தம் வற்றியது. அறுபது நாள் முடிந்தால் ஓடிக்கொண்டிருக்கிற குடித்தனங்கள் ஓடும். ஆனால் ஒரு தடவை அணைந்தால் கீ இல்லாமல் எழும்பாது. இலவசக் கீ போட்டுத் தப்பிக்கலாம். போட்டால் அந்த ஆறு மணி நகல் நின்றுபோகும். செய்தி வராது. அண்ணாச்சி செருப்பை மாட்டாமல் என்னிடம் வருவார், கையில் லேமினேஷனோடு.

அறுபதாம் நாள் இருபதாம் தேதி விழுந்தது. லெட்டர் ஒண்ணாந்தேதி. நடுவில் பத்துப் பதினொரு நாள் சர்வர் அணையாமல் பார்த்துக்கொண்டால் போதும், லெட்டரை வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்பா முட்டாள் மட்டும் இல்லை, கோழையும்கூட. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

நம்ம ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும். போனால் யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டரைப் போட வேண்டும். மணிக்கு ஒரு தடவை குச்சியை விட்டு டீசல் அளந்தேன். நான் டீசல் திருடுவதாக வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் போட்டுக் கொடுத்தார். வேதம் ஓதுகிற மாதிரி மாதா ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டே சர்வர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா, "ஏங்க, மூஞ்சியெல்லாம் ஒட்டிப்போச்சு, காய்ச்சலா?" என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "வேலை ஜாஸ்தி" என்றேன். (வேலை என்ன வேலை, நாற்காலியில உக்காந்து நடுங்குறதுதான்.)

யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று ஒரு காரியம் செய்தேன். மண்டை ஓடு வரைந்து, 'அபாயம்! இந்தப் பெட்டியில் கரண்ட் கசிகிறது, தொடாதே!' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிச் சர்வரில் ஒட்டினேன். நல்ல யோசனை என்று நினைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி, பகல் பன்னிரண்டரை. இரண்டு மணிப் படகுக்குப் படகுத்துறையில் கூட்டம். பயணிகள் பட்டியலைக் கொடுத்தால்தான் படகை விடுவார்கள். அப்போது கடல் பக்கமிருந்து ஒரு இடி இடித்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. டிக்கெட் கவுண்டரில் இருக்கிற மீனா தீதி (தீதின்னா அக்கா) ஒரு வங்காளி அம்மா. இடி என்றால் அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. "பிளக் நிகாலோ! சப் பிளக் நிகாலோ!" என்று ஒவ்வொரு சுவராகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். பின்னால் அண்ணாச்சி.

"ஏல, சர்வரையும் அணைச்சிரு. புதுச் சாமான், இடி இறங்கிரப் போவுது."

"வேண்டாம் அண்ணாச்சி."

"என்னல வேண்டாம்? தள்ளு, நான் அணைக்கேன்."

அவர் கை சுவிட்சுக்குப் போனது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சர்வரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. வாயிலிருந்து "வே... வே... வே..." என்பதற்கு மேல் வரவில்லை.

மீனா தீதி என்னைப் பார்த்தார். மண்டை ஓட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அரே! கரண்ட் பகட் லியா!" என்று ஓர் அலறல்.

கரண்ட் பிடித்தவனைக் கையால் தொடக் கூடாது, காய்ந்த கட்டையால் அடித்துத்தான் பிரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்புக் கட்டையை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டார். நான் விடவில்லை. இன்னொன்று போட்டார். அப்போதும் விடவில்லை. "ஐயோ, பய செத்தாம்ல!" என்று அண்ணாச்சி ஓடிப்போய், முழுக் கட்டடத்துக்குமான மெயின் சுவிட்சை இறக்கினார்.

அமைதி. பிறகு யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்...

பத்து நிமிஷம்!

"மெயினைப் போடுங்க அண்ணாச்சி!"

"நஹி! நஹி!" என்று மீனா தீதி மெயினுக்கு முன்னால் மாப்புக் கட்டையோடு காவல் நின்றார். "இஸ்கா திமாக் ஹில் கயா!" மூளை கலங்கிவிட்டது என்று அர்த்தம்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஒரே ஃபைல், அறுபது நாள், மஞ்சள் பட்டை, மண்டை ஓடு, லெட்டர். அண்ணாச்சிக்கு அவசரமே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ ரெண்டு பொட்டியிலயும் ஒரே சாமான்?"

"ஆமா அண்ணாச்சி. மெயின்..."

"ஒண்ணு வேகமா இருக்குன்னு எழுதியிருந்தியே?"

"அது ஃபேன் அண்ணாச்சி. மெயினைப் போடுங்க..."

"அப்போ கரண்ட் கசியலை?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன தீதி அடிச்சது?"

"வலிச்சது அண்ணாச்சி."

யு.பி.எஸ். ஒரு நீளமான ஊளையிட்டு ஓய்ந்தது. சர்வரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்புறம்தான் அண்ணாச்சி மெயினைப் போட்டார். பெட்டி எழும்பியது. உள்ளே ஒரு குடித்தனமும் எழும்பவில்லை.

"இப்போ என்ன செய்யணும்?"

"இலவசக் கீ போடணும். நகல் எடுக்காது."

"போடு. படகு போவட்டும்."

மெயிலைத் திறந்து, ஃபைலை இறக்கியபோதே வந்து கிடந்த இலவசக் கீயைத் தேடினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை அண்ணாச்சி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, சிறு பிள்ளை மாதிரி அடித்தேன். நான்கு குடித்தனமும் எழுந்தன. மணி ஒன்று நாற்பது. மீனா தீதி பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். படகு போனது.

அன்று ஆறு மணிக்குச் செய்தி வரவில்லை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் என் லெட்டர் இருந்தது, ஏற்கெனவே டைப் செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு. எனக்குக் கப்பலின் சங்குச் சத்தமே காதில் கேட்டது.

"நீ சோலி தெரியாம செஞ்சதுக்குக் கோவமில்லல. தெரிஞ்ச பொறவு பத்தொம்பது நாள் மறைச்ச பாரு, அதுக்குத்தான்" என்றார். லெட்டரை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "அறுபது நாள். அதுவரைக்கும் நீயும் ட்ரையல்தான். ஒழுங்கா ஓடினா கீ போடுதேன்."

மறுநாள் காசுக் கீ வாங்கினார். ஒப்பீட்டை மறுபடி எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை இரண்டு பத்தியும் ஒன்று போல இல்லை. அறுபத்தோராம் நாள் லெட்டரும் வந்தது.

மண்டை ஓட்டிலிருந்து மாப்புக் கட்டை வரை எல்லாவற்றையும் அடி வாங்கிய அன்றைக்கே உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை. தைலப் புட்டியை மூடிவிட்டு, "அது சரி, அண்ணாச்சி சொன்ன அறுபது நாளும் நல்ல முறைதான்" என்றாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளன்றும் கேக்கை வெட்டி என் வாயில் வைத்துவிட்டு, "இன்னும் அறுபது நாள் பாக்கேன்" என்கிறாள். நிரந்தரம் என்ற வார்த்தை இதுவரை அவள் வாயிலிருந்து வரவில்லை.