சலவைக் கடையில் ஒரு மகன்

மூட்டுவலி நீங்கலாக மற்றபடி சுகமாயிருக்கும் அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, பெண்கள் இருவரும் நலம். மகனும் நலம். எந்த மகன் என்று திடுக்கிடாதே, பூனைக்குட்டியைச் சொல்கிறேன்.

கடைக்கு வெளுக்க வந்த வக்கீலின் கறுப்பு அங்கிக்குள் ஒரு பூனை ஒற்றைக் குட்டியைப் போட்டுவிட்டுப் போனது, திரும்பி வரவேயில்லை. கண்கூடத் திறக்கவில்லை அக்கா! கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். "மாட்டுப்பால் ஒத்துக்காது, குட்டிக்குன்னே விக்கிற பால்மாவு வாங்குங்க. மல்லாத்திப் போட்டு ஊட்டாதீங்க, புரையேறிடும். உடம்பு சூடு ரொம்ப முக்கியம்" என்றார். சூட்டுக்கு என்னிடமா பஞ்சம்? துண்டுக்கு இஸ்திரி போட்டு, இதமாக ஆறியதும் சுற்றி வைத்தேன். பால் குடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகுமாம், அதையும் செய்தேன். "பெத்த பொண்ணுங்களுக்கு ஒரு தடவை தொடச்சு விட்டிருப்பீங்களா?" என்கிறாள் அவள். கேட்கட்டும்.

தினமும் அவளுடைய சமையலறைத் தராசில் நிறுத்தேன். நன்றாக ஏறிக்கொண்டிருந்த எடை திடீரென்று நின்றுவிட்டது. ஊட்டிய பால் வாயோரம் வழிந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து, "என் அங்கி எங்கய்யா? கோர்ட்டுக்கு பனியனோட போகவா?" என்று கத்தினார். குட்டியைக் காட்டினேன். மனுஷர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவரைப் போனில் பிடித்தேன். "சில்லுன்னு இருக்கறப்ப ஊட்டினா செரிக்காது. சூடானப்புறம் குடுங்க" என்றார். அப்படியே கொடுத்தேன், குடித்தான்! மறுநாள் எடை ஏறியதும் தராசைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினேன்.

அப்புறம் என்ன, கண் திறந்தான், நீலக் கண். தள்ளாடி நடந்தான், பல் முளைத்தது, கூழ் மாதிரி பிசைந்து வைத்ததைத் தின்கிறான். ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் மண் நிரப்பி வைத்த தட்டில்தான், யாரும் சொல்லித் தரவில்லை. என் பிள்ளையாச்சே! என் குரல் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வருவான். வேறு ஒருத்தர் கைக்குப் போகவே மாட்டான் அக்கா.

மூட்டுக்கு ஒத்தடம் கொடு. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது வக்கீல் வந்தார். பையன் அவர் மடியில் ஏறித் தூங்குகிறான். கூப்பிட்டேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. அதையும் உடனே திருப்பிக்கொண்டான்.