நான் மீடியம்தான், அக்கா

பேரன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம், அம்மா நலம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது ஏதோ முணுமுணுக்கிறது. நீயும் அத்தானும் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அடுத்தவன் தொப்பையை விசாரிக்க உனக்கு நேரம் ஏது?

என் முப்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே நீ அனுப்பிய ஷூ வந்து சேர்ந்தது. கூடவே, "போட்டோவுல பார்த்தேன்டா. காலையில எழுந்து கொஞ்சம் ஓடு" என்ற சீட்டும் வந்தது. அந்தப் போட்டோ கீழேயிருந்து எடுத்தது, அக்கா. கீழேயிருந்து எடுத்தால் மின்கம்பத்துக்கும் தொப்பை தெரியும். ஷூவை அதே பெட்டியில் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் அல்ல. எனக்கு அது ஏன் தேவையில்லை என்று புரிய, எங்கள் சட்டைக் கம்பெனியில் நடந்ததை நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

நான் பேக்கிங் பிரிவில் சேர்ந்த முதல் நாளே கட்டிங் மாஸ்டர் என்னை வழிமறித்து, "தம்பி, கையைத் தூக்கு, திரும்பு, இன்னொரு தடவ திரும்பு" என்று நாடாவால் சுற்றி அளந்துவிட்டு, "மீடியம்னா இதான்யா மீடியம்!" என்று கத்தினார். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியின் மீடியம் சட்டை என் உடம்பை வைத்துத்தான் வெட்டப்படுகிறது. ஒவ்வொரு சீசனுக்கும் முதல் சட்டையை எனக்கு மாட்டிப் பார்ப்பார். எங்கேயாவது பிடித்தால், "இங்க கொஞ்சம் விட்டுக்கலாம்" என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அளவு அட்டையும் அந்தக் கோட்டுக்கு மாறிவிடும். எனக்குப் பொருந்தினால் அது மீடியம், அவ்வளவுதான் சட்டம். என் பெயரே மீடியம் ஆகிவிட்டது. "மீடியம், டீ குடிச்சியா?", "மீடியம், லாரி வந்தாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இப்படி இருக்கும்போது நான் பெருத்தது எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு. வருஷா வருஷம் மீடியம் சட்டை எனக்கென்றே பிறந்த மாதிரி உள்ளே இறங்குகிறது. பழைய பேன்ட்டுகள் இடுப்புக்கு மேலே வர மறுத்தபோது வாஷிங் மெஷினைத் திட்டினேன். உட்காரும்போது "அப்பாடா" என்று சத்தம் வந்தால் நாற்காலியைச் சந்தேகப்பட்டேன். தாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பேக்கிங் மேஜை நூல்தானே என்று பிடித்து இழுத்தேன், உயிர் போயிற்று. அம்மாவிடம் கேட்டால், "எளைச்சுட்டியேடா!" என்று இன்னொரு கரண்டி வைக்கிறாள். இந்த வீட்டில் உண்மை எங்கேயிருந்து வரும்?

உண்மை புதிதாக வந்த செக்கிங் மேடத்தின் உருவத்தில் வந்தது. அந்தம்மா கண்ணாடி அலமாரியில் கிடந்த எங்கள் முதல் மீடியம் சட்டையையும் இந்த சீசன் மீடியத்தையும் முதலாளி மேஜையில் விரித்து, "சார், ரெண்டுலயும் மீடியம்னுதான் போட்டிருக்கு. ஆனா ஒண்ணுக்கு மேல இன்னொண்ணைப் போட்டுக்கிட்டு ஆபீசுக்கே வரலாம் போலிருக்கே?" என்றார். உடனே ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார்கள். பழைய சட்டையைப் போடச் சொன்னார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லா பட்டனையும் போட்டுவிட்டேன், அக்கா, சத்தியமாகப் போட்டேன்! முதலாளிதான் கெடுத்தார். "முகமெல்லாம் சிவந்து போச்சே, மூச்சு விடுய்யா" என்றார். விட்டேன். வயிற்றுப் பட்டன் தெறித்து அவர் டீ கிளாசுக்குள் விழுந்தது.

"யோவ் மாஸ்டர், இதுவா மீடியம்?"

மாஸ்டர் சாக்பீஸைப் பார்த்தபடி, "வருஷத்துக்குக் கொஞ்சமாத்தான் விட்டேன், முதலாளி. இறுக்குதுன்னு சொன்னா தம்பி மூஞ்சி வாடிப்போகும்" என்றார்.

அன்றைக்கே அளவு கொடுப்பதிலிருந்து என்னை நீக்கிவிட்டுப் புது டிரைவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர் கதவைத் திறக்காமலே வண்டிக்குள் நுழைந்துவிடுகிற உடம்புக்காரர். சாப்பாட்டு வேளைக்குள் எல்லோரும் அவரை "மீடியம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்; வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பவே இல்லை. வருத்தமாக இருந்தது, அக்கா. வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை, ஆனாலும் நான் யார் என்றே தெரியாத மாதிரி ஆகிவிட்டது. ஒளிப்பானேன், அன்று மாலை உன் ஷூவைப் போட்டுப் பார்த்தேன். குனிந்து ஒரு கால் கயிற்றைக் கட்டியதும் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

டிரைவர் அளவில் வெட்டிய மீடியம் கடைகளுக்குப் போன மறுவாரம், எங்களிடம் அதிகம் சரக்கு எடுக்கிற கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன சார் அனுப்பியிருக்கீங்க? உங்க மீடியத்துக்காகத்தான் என் கடைக்கே ஆளு வருது! வேற எங்க போனாலும் அவனுக்கு லார்ஜ், எக்ஸ்எல். உங்க சட்டையைப் போட்டா மட்டும் மீடியம். வீட்டுக்காரம்மா முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறான், ஒண்ணு எடுக்க வந்தவன் மூணு எடுக்கிறான். நேத்து ஒருத்தர் புது மீடியத்தை எடுத்துக்கிட்டு ட்ரையல் ரூமுக்குள்ள போனாரு. வெளிய வரவே மாட்டேங்கிறாரு, சார்!"

முதலாளி புது அளவு அட்டையைக் கிழித்துப் போட்டார். பிறகு, "மீடியம், இங்க வாப்பா" என்றார். நானும் திரும்பினேன், டிரைவரும் திரும்பினார்.

"நீ இல்லய்யா, அவரு" என்று முதலாளி டிரைவரிடம் என்னைக் காட்டினார்.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் எங்கள் பழைய மீடியம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். என் வயதுதான் இருக்கும். வயிற்றுப் பக்கம் துணி வம்பு பண்ணாமல் சுகமாக இறங்கியிருந்தது. அந்தச் சுகம் என்னுடையது, அக்கா! நான் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. முப்பதைத் தொடுகிற எத்தனை பேர் என்னால் இந்த ஊரில் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்! ஓடிப்போய்க் கையைக் குலுக்கலாம் போல இருந்தது. ஆகவே, நான் குண்டு இல்லை. என்னைவிடப் பெரியவர் லார்ஜ், சின்னவர் ஸ்மால், நடுவில் நான். இதற்கு மேல் எனக்கு எதற்கு ஓட்டம்? அத்தானுக்கும் ஒரு மீடியம் வைத்திருக்கிறேன். லேபிளைக் காட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டில் எல்லாச் சட்டையும் தாராளமாக இருக்கட்டும், எல்லா போட்டோவும் மேலேயிருந்தே எடுக்கப்படட்டும்.

உன் அன்புத் தம்பி,
மீடியம்

பி.கு.: பெட்டியைக் கட்டும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த சீசன் கட்டிங் முடியற வரைக்கும் ஒரு இஞ்ச் குறையக் கூடாது. படி ஏறாத, லிஃப்ட்ல போ. ஓடுற கீடுற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடு." இதுவரை என்னை யாரும் ஓடாதே என்று சொன்னதில்லை, அக்கா. சொன்னதும் கால் பரபரவென்று வந்துவிட்டது. சும்மா தெருமுனை வரைக்கும் என்றுதான் ஷூவை மாட்டினேன். தெரு முடிந்தது, அடுத்த தெருவும் முடிந்தது, நாக்குத் தள்ளியது, சொன்னால் நம்ப மாட்டாய், நன்றாக இருந்தது. நாளைக்கும் போவேன். அதனால் இந்தப் பெட்டியில் சட்டை மட்டும்தான் இருக்கும், ஷூ இருக்காது. அடுத்த வருஷம் இந்த ஊர் ஆண்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டன் போட்டால் அந்தப் பாவம் உன்னையே சேரும். அத்தானிடம் சட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல். அந்த மீடியம் இனிமேல் கிடைக்காது.