பூஞ்சை என்று சொன்னது என்னையல்ல

என் மனைவியின் ஒரே தம்பியும், என் மகளின் ஒரே தாய்மாமனும், போன் இல்லாமலே ஊருக்கு ஊர் பேசக்கூடிய குரல்வளம் உடையவனுமாகிய என் மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இங்கே யாவரும் என்றால் நான் ஒருவன்தான். நானும் நலமில்லை. அங்கே நீயும் உன் மனைவி மக்களும் நல்ல தெம்போடு இருக்கிறீர்கள் என்பதை நேற்று நீ போனில் திட்டிய வேகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

"எங்க அக்கா பேர வச்ச புள்ளைய, தூக்க மாட்டேன்னு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களாமே, நீங்கல்லாம் மனுஷனா அத்தான்" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். சொல்லப் பதில் இல்லாமல் இல்லை. போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் அரைச் செங்கல் சுவர். அதனால் எழுதுகிறேன். படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடு. உன் மனைவிக்குப் படித்துக் காட்டாதே. அந்தப் பெண் என்னைப் பார்த்தால் இன்னமும் எழுந்து நிற்கிற பெண், அந்த மரியாதையாவது எனக்கு மிஞ்சட்டும்.

எனக்குப் படர்தாமரை வந்திருக்கிறது, மச்சான். தாமரை என்று பெயர் வைத்தவன் அது வராதவனாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் என்று கேட்பாய். முப்பது வருஷம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தவன் நான், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்: கியர் போடும் கை தொடையில் உரசுகிற இடத்தில் ஆரம்பித்து, உள்பக்கமாகத் திரும்பி, இருக்கையில் அழுந்தி உட்காருகிற இடம் வரைக்கும் போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டது. இதற்குமேல் விவரம் கேட்காதே. உன் அக்கா இருந்திருந்தால் இது வந்தே இருக்காது. பேண்டை உள்ளும் புறமும் திருப்பிப் போட்டு வெயிலில் மொறமொறவென்று காயவைத்துத்தான் கையில் கொடுப்பாள். அவள் போன பிறகு நான் ராத்திரி துவைத்து, மின்விசிறிக்குக் கீழே விரித்து, காலையில் ஈரமா, வெறும் சில்லிப்பா என்று தெரியாமலே மாட்டிக்கொண்டு அலைந்தேன். அப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன். முதலில் ஒரு பொட்டு மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் இடத்தைச் சொல்லாமல் அரிப்பு என்று மட்டும் சொன்னேன், அவரும் எதுவும் கேட்காமல் ஒரு களிம்பைக் கொடுத்தார். மந்திரம் போட்ட மாதிரி மறைந்தது. மறைந்தது என்று நான் குளியலறையில் சீட்டியெல்லாம் அடித்தேன். அடுத்த வாரமே சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. முன்னைவிட இரண்டு பங்கு இடத்தை வளைத்துப் போட்டது.

இதற்கு நடுவில்தான் என் மகள், உன் மருமகள், குழந்தையைப் பார்க்க வரச்சொன்னாள். போனேன். போகாமல் எப்படி இருப்பது. பச்சைக் குழந்தை, தோல் பூ மாதிரி இருக்கிறது, இந்தச் சனியன் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்தால் சோபாவுக்கு வந்துவிடுமோ என்று பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வாசலை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். துண்டு, டம்ளர் எல்லாம் பையில் கொண்டுபோயிருந்தேன். அவள் தண்ணீர் கொடுத்தாள், நான் பையிலிருந்து என் டம்ளரை எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கப் போனாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சளி பிடித்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொண்டுவந்தாள். முதுகு வலி என்றேன். மூன்றாவது தடவை அவள் குழந்தையைக் கொண்டுவரவில்லை. நான் நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அரிப்புத் தாங்கவில்லை, அதற்குத்தான் நெளிந்தேன். கிளம்புவதற்கு நெளிகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"அம்மா பேர வச்சது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாள்.

மச்சான், பெற்ற மகளிடம் நான் என்ன சொல்ல முடியும்? பிடிக்காமலா இருக்கும். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரோ சமையலறையிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டபோது, உன் அக்கா வருவாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வர வெகுநேரம் ஆனது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதேன், சொறிந்தேன். இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போய் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம்தான் ரோஷம் வந்து தோல் டாக்டரிடம் போனேன். போனால், டாக்டர் ஒரு பெண். நம் வீட்டுப் பெண்ணைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். அங்கே நான் பட்ட வெட்கத்தை விட்டுவிடுகிறேன். பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, இது பூஞ்சை என்றார். அவ்வளவுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் மழையில் நனைந்து நான் ஒரு வாரம் படுத்ததிலிருந்து, உன் அக்கா என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? "அந்தப் பூஞ்சை உடம்புக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி" என்று உன்னிடமே சொல்லியிருக்கிறாள். பூஞ்சை வந்துருச்சா, பூஞ்சை சாப்ட்டுச்சா என்றுதான் பேச்சு. இந்தப் பெண் எப்படித் தெரிந்துகொண்டது என்று ஆடிப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்த டாக்டர் அதற்குப் பிறகு பேசியது பாதிதான் காதில் விழுந்தது. வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றார். யாரும் இல்லை என்றேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் பன், ராத்திரி டீ என்றேன். நல்லா சாப்பிடணும், உடம்பில் தெம்பு இருந்தால்தான் தோல் ஆறும் என்றார். மாத்திரை, களிம்பு எழுதிக்கொடுத்தார்.

நான் என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா. உடம்பு பூஞ்சையாக இருப்பதால்தான் வியாதி, உடம்பைத் தேற்றிவிட்டால் வியாதி தானாக ஓடிவிடும் என்று புரிந்துகொண்டேன். களிம்பென்றாலே பழைய களிம்பு செய்த துரோகம் ஞாபகம் வந்ததால் அதைத் தொடவில்லை. மாத்திரையும் அலமாரியிலேயே கிடந்தது. கடைக்குப் போய் சத்துமாவு டப்பா, தேன், பேரீச்சம்பழம், நெய், இனிப்பு ரொட்டி என்று இரண்டு கையிலும் தூக்கி வந்தேன். பாலில் சத்துமாவை மலையாகக் குவித்து, அதன் தலையில் சர்க்கரை போட்டு, காலை, மத்தியானம், ராத்திரி குடித்தேன். வாழைப்பழத்தைச் சீப்போடு தீர்த்தேன். பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. ஏறாத பேண்டை இழுத்து மாட்டினால் வேர்வை, வேர்த்தால் அரிப்பு. படர்தாமரைக்கும் நான் சாப்பிட்டது ஒத்துக்கொண்டது போல, அதுவும் நன்றாகத் தேறியது.

மறுபடி போனபோது டாக்டர் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். மருந்து தடவினீர்களா என்றார். இல்லை, நீங்கள் சொன்ன மாதிரி உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லி, எதையெல்லாம் தின்றேன் என்று ஒப்பித்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, பூஞ்சைன்னு சொன்னது உங்களை இல்ல. பூஞ்சைங்கறது ஒரு கிருமி, காளான் மாதிரி. உங்க தோல்ல வளருது. சாப்பாடு மருந்துக்குத் துணைதான், மருந்துக்குப் பதிலா ஆகாது" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே, என் வீட்டில் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள் என்றேன். கூப்பிடுவாளா, கூப்பிட்டாளா என்று சொல்லும்போதே நாக்கு குழறியது. டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்புறம் என்னோடு சாப்பாட்டைப் பற்றி நிதானமாகப் பேசினார். பருப்பு, முட்டை, கீரை, கிடைக்கிற காய், ஒரு பழம், நிறையத் தண்ணீர். சர்க்கரையைக் குறைக்க வேண்டும். அதிசயமான சாப்பாடு எதுவும் கிடையாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றார். துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தடம் மறைந்த பிறகும் தான் சொல்கிறவரை மருந்தை நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து சமைக்கிறேன். கேலி செய்யாதே. பருப்பு பொங்கி வழிந்தால் என் வலது கால் தன்னால் தரையை மிதிக்கிறது. முப்பது வருஷம் மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் பக்கத்துப் பிரேக்கை மிதித்த கால், அடுப்பு நிற்கும் என்று இன்னமும் நம்புகிறது. உப்புப் போடத் தெரியவில்லை. முட்டை வேகவைக்கத் தெரிந்துகொண்டேன். எனக்கு வராதது ஒன்றுதான், ஒரு ஆளுக்குச் சமைப்பது. ஒரு ஆளுக்கு என்று எந்தக் காயும் காய்ப்பதில்லை. பாதி வெங்காயத்தை நறுக்கிவிட்டு மீதிப் பாதியைக் கிண்ணத்தில் கவிழ்த்து வைக்கிறேன், மறுநாள் அதை எடுக்கும்போது மனசு என்னவோ செய்கிறது. உண்மையைச் சொல்கிறேன் மச்சான், எனக்குச் சமைக்கத் தெரியாததால் நான் பன் தின்னவில்லை. எனக்குப் பசிக்கவில்லை. கடைசி மாதங்களில் அவளுக்கு எதுவுமே இறங்கவில்லை, ஒரு வாய் கஞ்சிக்கு அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் போன பிறகு தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போது மாத்திரையும் களிம்பும் வேளைக்குச் சோறும் சேர்ந்து வேலை செய்கின்றன. அரிப்பு பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் முழுக்க ஆற இன்னும் நாள் ஆகுமாம். மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்துவிட்டது, மாதக் கடைசியில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், அது எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். அதற்குள் நான் பேத்தியை ஒருமுறை தூக்க வேண்டும். அது நடக்காவிட்டால், தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காது என்றுதான் அந்தக் குழந்தை வளரும்.

அதனால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உன் மருமகளிடம் நீ பேசு. அப்பாவுக்குத் தோலில் ஒரு தொந்தரவு, ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்துதான் தூக்கவில்லை என்று சொல். இடம் முழங்கை என்று சொல். எந்தக் காரணம் கொண்டும் முழங்கைக்குக் கீழே இறங்காதே. பன் தின்ற கதையைச் சொல்லாதே, அப்பா நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்று சொல். பயணத்தைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நன்றாகக் காய்ந்த துணியோடு நீடூழி வாழட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல், காரணத்தைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நேற்று சாயங்காலம் உறையை ஒட்டப் போகும்போது வாசல்மணி அடித்தது; குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே நிற்கிறாள். எதற்காக என்னை வெறுக்கிறீர்கள் என்று கேட்க வந்தாளாம். முழங்கை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் இருக்குப்பா" என்றாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லையாம், மாப்பிள்ளையிடம்கூட. நின்றுகொண்டே ரொட்டி தின்று காலம் தள்ளியிருக்கிறாள், டாக்டர் திட்டியிருக்கிறார். துணி மூடின இடம்தானே, கையைக் கழுவிக்கொண்டு தாராளமாகத் தூக்கலாம் என்று அவளுடைய டாக்டர் முதல்நாளே சொல்லிவிட்டாராம். நான் என் டாக்டரிடம் குழந்தையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அப்புறம் நான் வைத்த பருப்பையும் கீரையையும் போட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்பில்லை என்றாள், ஆனாலும் மறுபடி சோறு போட்டுக்கொண்டாள்.

சாப்பிடும்போதுதான் சொன்னாள். அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் அம்மாவுக்கும் இது இருந்ததாம். நான்தான் கவனிக்கவில்லை. அப்போது அவள் துணைக்கு வந்து தங்கியிருந்தாள், போர்வையையும் துண்டையும் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் புழங்கினோமே. "அம்மாகிட்டேருந்துதான் நமக்கு வந்திருக்கும்பா" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அந்தக் களிம்பை எடுக்க எனக்குக் கை வரவில்லை, மச்சான். ஆறிப்போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று ஒரு கிறுக்கு எண்ணம். கிளம்பும்போது அவளிடம் சொன்னேன். "எனக்கும் அப்படித்தாம்பா இருந்துச்சு, ரெண்டு நாள் தடவாமத்தான் வச்சிருந்தேன்" என்றாள்.

இன்று காலை தடவினேன். மனசே இல்லாமல்தான் தடவினேன்.