வடக்குக் குப்பத்து அமெரிக்கா

பக்தவச்சலத்தின் வாணம் நாலு முழம் எழும்பியது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி வந்து பக்கத்து வீட்டு அப்பாவுவின் கூரைமேல் உட்கார்ந்தது.

கூரையை அணைத்து முடித்தார்கள். மாசி மகத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

திருவொற்றியூர்க் கடற்கரையில் வடக்கு, தெற்கு என்ற இரண்டு குப்பங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மாசி மகத்தன்று அம்மன் கடலாடியதும், பொழுது சாயும் நேரத்தில் குப்பத்துக்கு ஒரு வாணம் விடவேண்டும். எவருடையது உயரப் போகிறதோ, அவர்களுடைய அம்மன் அடுத்த வருஷம் முதலில் கடலில் இறங்குவாள். வடக்குக் குப்பத்தின் வாணப் பொறுப்பு மூன்று தலைமுறையாகப் பக்தவச்சலத்தின் குடும்பத்தில் இருந்தது. பதினோரு வருஷமாக அவர்கள் அம்மன் இரண்டாவதாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் தோற்றால் பொறுப்பைப் பிடுங்கிவிடுவதாக ஊர்த் தலைவர் கோதண்டம் அறிவித்துவிட்டார்.

போதாததற்கு, போன அக்டோபரில் ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் உருண்டையைச் சுற்றவிட்டதிலிருந்து, தெற்குக் குப்பத்தார் தங்கள் வாணத்துக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி ‘ஸ்புட்னிக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் யாரையும் கேட்காமலே வடக்குக் குப்பம் அமெரிக்கா ஆகிவிட்டது.

துறைமுகத்தில் வேலை செய்யும் ஹென்றிதான் டீக்கடையில் பத்திரிகை படித்துச் சொல்பவர். டிசம்பரில் அமெரிக்காக்காரன் விட்டதும் நாலடிதான் ஏறியது என்று அவர் ஆறுதல் சொன்னார். பக்தவச்சலம் மருந்தைக் கூட்டிப் பார்த்தார். இரண்டாவது வாணம் எழும்பவே இல்லை. மணலோடு படுத்து ஓடி, கருவாடு காயப்போட்ட பெண்களைத் துரத்திவிட்டு, கோதண்டத்தின் புது வலைக்குள் புகுந்து வெடித்தது.

மறுநாள் ஹென்றி வேறு செய்தி கொண்டுவந்தார்.

"போன மாசக் கடைசில அமெரிக்காவும் ஏத்திட்டான். எப்டி? யுத்தத்துல தோத்த ஜெர்மன்காரன்தான் ராக்கெட்டுல கில்லாடி. இவன் கொஞ்சம் ரஷ்யாக்காரன் கொஞ்சம்னு அவனுங்கள அள்ளிக்கினு பூட்டாங்க. நமக்கும் ஒரு ஜெர்மன்காரன் வோணும், மாமு."

ஜெர்மன்காரர் வண்ணாரப்பேட்டையில் இருந்தார். வெடிமருந்து விற்கும் லியாகத் அலி பாய். வருஷா வருஷம் தெற்குக் குப்பத்து வாணத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

அவரைக் கொண்டுவருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. பக்தவச்சலத்தின் மனைவி நீலா தெற்குக் குப்பத்துப் பெண். எல்லா மாசி மகத்துக்கும் பத்து நாள் முன்னதாகத் தாய்வீடு போகிறவள், இந்த வருஷம் போகவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"உனுக்குப் பொறுப்பு போயிடும்ன்றாங்க. நான் இங்கியே கீறேன்" என்றாள்.

ரஷ்யாக்காரி உளவு பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்தவச்சலத்துக்குத் தோன்றியது. ரிக்‌ஷா கொண்டுவந்து, மூட்டையைத் தானே தூக்கி வைத்து, தெற்கே அனுப்பிவிட்டார். நீலா வாசலில் கிடந்த மூங்கில் குழாயைப் பார்த்தபடியே போனாள்.

அன்று மாலையே பாய் வந்து சேர்ந்தார். வந்தார் என்பதைவிட, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து அழைத்து வரப்பட்டார் என்பது சரி. தனக்கு வாணம் கட்டத் தெரியாது என்று மூன்று முறை சொன்னார். தொழில் ரகசியத்தை எப்படிக் காப்பாற்றுகிறார் பாருங்கள் என்று அப்பாவு வியந்தார். இரண்டு வேளையும் பிரியாணி, வாசலில் இரண்டு ஆள் காவல் என்று ஏற்பாடானது.

"தெகிரியமா கட்டுங்க, பாய். வூட்ல இருந்த ரஷ்யாக்காரியக்கூட அவங்க குப்பத்துக்கே அனுப்பிட்டேன்" என்றார் பக்தவச்சலம்.

பாயின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அன்று அவர் பிரியாணியை முடிக்கவில்லை. நாலாம் நாள், வேறு வழியில்லாமல், மூங்கில் குழாயில் மருந்து கெட்டிக்க ஆரம்பித்தார்.

மகத்தன்று தெற்குக் குப்பத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பக்தவச்சலத்தை அது லேசாக உறுத்தியது.

அமெரிக்கா முதலில் கிளம்பியது. ஒரு பனை உயரம் போனது. வடக்குக் குப்பம் மூச்சுவிட மறந்தது. அந்த உயரத்தில் வளைந்து, நேராகக் கரைக்கு இறங்கி, கோதண்டத்தின் தலைப்பாகையையும் எடுத்துக்கொண்டு கடலில் விழுந்தது.

பிறகு ஸ்புட்னிக் போனது. கோடு கிழித்தாற்போல் மேலே போய்க்கொண்டே இருந்தது. அது அணைந்த பிறகும் இரண்டு குப்பமும் அண்ணாந்தபடியே நின்றன.

கோதண்டம் வெறுந்தலையோடு வந்து, பக்தவச்சலத்தின் கையிலிருந்த, வாணம் கொளுத்தும் தீப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பக்தவச்சலம் பாயிடம் திரும்பினார்.

"பாய், நீங்க இங்க கீறீங்க. அத்த யாரு கட்னது?"

"நான் மருந்து விக்கிறதோட சரி, நைனா. பொம்பள கட்ன வாணத்த அம்மன் எதிர்ல வுடமாட்டாங்கன்னு, என்னை நாற்காலில உக்கார வெச்சாங்க."

"பொம்பளயா? எந்தப் பொம்பள?"

லியாகத் அலி பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"இந்த வருசம் ரஷ்யாவுக்குக் கட்டமாட்டேன், புருசனுக்குத்தான் கட்டித் தருவேன்னு வூட்ல உக்காந்துகினு இருந்துச்சே, நீ ரிக்‌ஷா வெச்சு ஏத்தி அனுப்பினியே, அந்தப் பொம்பளதான்."