துண்டுக்கு வெளியே ஒரு வாய்

இன்றைக்கு மேச்சேரிச் சந்தையில் ஓர் 'எடுத்துக்கொடுப்பவரை'ப் பார்த்தேன். அடடா, என்ன மனிதர்! நீங்கள் அறியாத இனம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் தும்ம வாயைத் திறந்தால் இவர் தும்மி முடித்திருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் "உன் பேர் என்னம்மா?" என்று பெண்ணைக் கேட்டால், பேர், நட்சத்திரம், பாயசத்துக்கு எத்தனை அச்சு வெல்லம் போடுவாள் என்பது வரை இவரே ஒப்பித்துவிடுவார். கேட்டது அவளை அல்லவா? அதனால் என்ன? பதில் வராமல் ஒரு கேள்வி காற்றில் தொங்கினால் இவருக்கு மூச்சு முட்டும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எல்லாம் அன்புதான். அதுதான் ஆபத்து.

நம்மவர் பெயர் காளியண்ணன். ஊருக்கு இவர் வெறும் சிரிப்பாகத்தான் இருந்தார். போன தை மாதம் இவருடைய அக்காள் பொன்னாயியின் புருஷன், ஆட்டுத் தரகர் கருப்பண்ணன், பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் துவண்டுவிட்டன. சொல் உள்ளேதான் இருக்கிறது. வெளியே வர வழி தெரியாமல் தடுமாறுகிறது. எடுத்துக்கொடுப்பவருக்கு இப்படி ஒருவர் கிடைத்தால்? பட்டினி கிடந்தவனுக்குக் கல்யாணப் பந்தி!

"பசிக்குதாங்க மச்சான்? அக்கா, மச்சானுக்குப் பசிக்குதாமா!"

டம்ளரை மச்சான் தொடுவதற்குள் இவர் கை அதை அவர் வாயில் வைத்துவிடும். வேட்டி முடிச்சா? போட்டாயிற்று. கருப்பண்ணனுக்கு மிச்சம் இருந்த வேலை கண் சிமிட்டுவது ஒன்றுதான். முடிந்திருந்தால் அதையும் இவரே செய்திருப்பார்.

இதற்கிடையே, வேப்பமரத்தடியில் கருப்பண்ணன் நின்று வியாபாரம் பேசும் இடத்தை வேறொருவருக்கு விட்டுவிடலாம் என்று சந்தையில் பேச்சு எழுந்தது. வைகாசிக்குள் அவரே வந்து ஒரு பேரமாவது முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் போயிற்று. "ஊட்டுல உக்காந்தா மனுசன் உக்காந்தே போயிருவாருங்க" என்று பொன்னாயி என்னிடம் சொன்னாள்.

கைகால் பிடித்துவிட வந்தவர் முகம்மது ஹனீப். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பழகிய கை. எண்ணெய் போட்டு, மடக்கி நீட்டி, கருப்பண்ணனைக் களத்தில் நடக்கவும் வைத்துவிட்டார். ஆனால் நடக்கும்போது யாராவது ஒன்று கேட்டால் போதும், கால் நின்றுவிடும். யோசனை வந்தால் நடை போயிற்று. நடை வந்தால் யோசனை போயிற்று.

"காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாப் பத்தாதுங்க. புத்தியும் கூடவே நடக்கோணும்" என்றார் ஹனீப். "நிக்காம நடந்துக்கிட்டே சொல்லுங்க தரகரே, சினையாட்டை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மடியைப் பாத்துங்க!" என்றார் காளியண்ணன்.

"ரெண்டு பல்லு போட்ட ஆட்டுக்கு என்ன வயசுங்க?"

"ஒண்ணரை வருசமுங்க!" அதுவும் காளியண்ணன்தான்.

ஹனீப் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வாதம் வந்தது ஆருக்குங்க?"

"மச்சானுக்குங்க."

"உங்க வாய் நல்லாத் தேறிட்டு வருதுங்க. அவரு வாய்க்கும் கொஞ்சம் வழி விடுங்க."

காளியண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "அவரு தவிக்கறதப் பாத்துக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்கறது?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். சும்மா இருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம்.

அப்போது கருப்பண்ணன் நின்றார். திண்ணைச் சுவர்ப் பக்கம் பார்த்தார். "து… து…"

"துப்போணுமாங்க மச்சான்?" காளியண்ணன் படிக்கத்தோடு பாய்ந்தார். ஒரு வாரமாகவே இப்படித்தான். 'து' வந்தால் பின்னாலேயே எச்சில் படிக்கமும் வந்துவிடும். ஹனீப் கையை நீட்டித் தடுத்தார். அடுப்பில் கஞ்சி மட்டும் கொதித்தது.

"துண்டு" என்றார் கருப்பண்ணன்.

சுவர் ஆணியில் அவருடைய பேரத் துண்டு தொங்கியது. இந்தச் சந்தையில் ஆட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். இருவர் கையும் துண்டுக்குள் போகும். விரல் கேட்கும், விரல் மறுக்கும். எதிராளி சொன்னதை மனத்தில் நிறுத்த வேண்டும், தன் விரலை மடக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. ஹனீபுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கையும் புத்தியும் ஒரே நுகத்துல பூட்டற வேலை! இதையில்ல நாம மொதல்லயே எடுத்திருக்கோணும்!"

மறுநாள் முதல் எண்ணெய் தேய்த்ததும் துண்டுதான். ஹனீப் விரலைப் பிடிப்பார். கருப்பண்ணன் யோசித்துப் பதில் விரல் காட்டுவார். காளியண்ணன் இப்படி எட்டிப் பார்த்தார், அப்படிக் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை! உலகத்தில் அவர் எடுத்துக்கொடுக்க முடியாத ஒரே இடம் அந்தத் துண்டுக்குள்தான்.

இன்றைக்குச் சந்தை. பொன்னாயி தம்பியின் வாயில் ஒரு கவளம் வெற்றிலையைத் திணித்து, "வேல முடியறதுக்குள்ள துப்புன, சோறில்ல பாத்துக்க" என்று சொல்லியே அனுப்பியிருந்தாள். வாங்க வந்தவர் ஓமலூர்ச் சென்றாயன். கருப்பண்ணன் காலை இழுத்து இழுத்து மந்தையைச் சுற்றி வந்தார். "இந்தக் கடாவுக்கு எத்தன பல்லுங்க?" என்று சென்றாயன் கேட்டார். கால் நிற்கவில்லை. "நா… நாலு" என்று நடந்துகொண்டே பதில் வந்தது. பிறகு இருவர் கைமேலும் துண்டு விழுந்தது. நேரம் போயிற்று. கூட்டம் மூச்சைப் பிடித்தது. காளியண்ணன் கன்னம் இரண்டும் உப்பி, நெற்றி வேர்த்து, விழி பிதுங்கி நின்றார்.

சென்றாயன் கையை வெளியே எடுத்தார். "நோவு காலுக்குத்தானுங்க போலிருக்குது. வெலையில ஒரு விரலுகூட எறங்கமாட்டேங்கறாரே! சரி, ஆட்டப் புடிச்சுக் கட்டுங்க."

கூட்டம் ஆரவாரித்தது. ஆயிரம் சொல்லத் துடித்த காளியண்ணனோ வாயைத் திறக்க முடியாமல் கண்ணீர் வடித்தார். கருப்பண்ணன் அவர் பக்கம் திரும்பினார். மெதுவாக, முழுதாக, யாரும் எடுத்துக்கொடுக்காமல் சொன்னார்:

"துப்பிட்டு வா, மாப்ள."

வாசகரே, மேலே நான் 'து' என்று எழுதி நிறுத்தியபோது உங்கள் மனசு சும்மா இருந்ததா? துட்டா, துணியா என்று ஓடவில்லையா? அப்படியானால் நீங்களும் ஒரு கவளம் வெற்றிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் ஒரு கருப்பண்ணன் இருப்பார். இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஒன்று கேளுங்கள். கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டே காத்திருங்கள்.