மிதுலனை ஈலிங்குக்குக் கொடுத்த கதை

லூயிஷாம், இலண்டன்
செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில் இருந்து மழை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய வைத்தியநாதன் அத்தானுக்கு, மைத்துனன் தேவராசா பணிவுடன் எழுதிக்கொள்வது.

உங்களுடைய முழங்கால் நோவும், அக்காவின் சீனி வருத்தமும், ரொறொன்ரோக் குளிரும் ஓரளவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பெரியவருக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. ஆகவே, மனைவி நாகேஸ்வரி நலம். குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம், அந்தக் குழுவில் மகன் மிதுலனும் இருக்கிறான். வாசித்த பிறகு அக்காவுக்குக் காட்ட வேண்டாம். அக்காவுக்குத் தெரிந்தால் ஸ்காபுரோ முழுவதற்கும் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான் அத்தான். என் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள்.

குற்றம் சாட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் தொடக்கம் நீங்கள்தான். பதினைந்து வருடத்துக்கு முன் பள்ளிக்கூட விடுமுறைக்கு உங்களிடம் அனுப்பினேன். நீங்கள் அவனை ஒரு பெரிய ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனீர்கள். இலண்டனில் பிறந்த மற்றப் பிள்ளைகள் ஃபுட்போல் அடிக்கிறார்கள், கிரிக்கெட் அடிக்கிறார்கள். என்னுடையது பேஸ்பால் மட்டையோடு வந்து இறங்கியது. எங்கள் ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தானே, நாலு மூலையையும் சுற்றி ஓடினால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் நடத்தும் லூயிஷாம் பருந்துகள் அணியில் ஏழு வருடமாக விளையாடுகிறான். பத்து அணிகள் உள்ள லீக்கில் நாங்கள் ஒன்பதாவது. பத்தாவது ஈலிங் மயில்கள்.

அந்த மயில்களுக்குத்தான் மிதுலனைக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய சுஜீத் என்ற பொடியனை எடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். மிதுலன் இந்தப் பருவத்தில் முப்பத்தொரு தடவை மட்டையோடு இறங்கினான். இரண்டு தடவை மட்டையில் பந்து பட்டது. அதில் ஒன்று அவன் குனிந்து தப்பும்போது தானாகப் பட்டது. அதற்கும் நான் எழுந்து நின்று கை தட்டினேன். சுஜீத் அதற்குக் குறைந்தவன் அல்ல. பந்து மேலே போனால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்து, மிகச் சரியாக, பந்து விழாத இடத்தில் போய் நிற்பானாம். நம் ஆட்கள் காலம் காலமாக மாற்றுச் சம்பந்தம் செய்தவர்கள். அண்ணனை அங்கே கொடுத்து, அங்கேயிருந்து தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை எடுப்பார்கள். அதற்கும் இரண்டு பக்கமும் போய்க் குந்தி, தேத்தண்ணி குடித்து, நாள் பார்த்துத்தான் முடிப்பார்கள். இங்கே ஒரு வாட்ஸ்அப் செய்தி, கீழே ஒரு கும்பிடு போட்ட படம், அவ்வளவுதான். சுஜீத்தோடு ஒரு ஐஸ் பெட்டியும் மயில்கள் தருகிறார்களாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நாகேஸ்வரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அப்ப எங்கட பொடியன் அந்தப் பொடியனை விட ஒரு ஐஸ் பெட்டி கூட. பிறகேன் அழுறியள்?" என்றாள்.

மிதுலன் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். "ஓகே அப்பா. ஈலிங்குக்கு ரெயினிலை போறது சுகம்தானே" என்றான். அந்த ஓகேயை விடுங்கள், நெஞ்சு உடைந்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று குத்தியது அந்த ரெயில் பயணம். அத்தான், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒரே வீட்டில் இருந்தும் திங்கள் முதல் சனி வரை அவன் என்னோடு பேசுவது இரண்டு வசனம்: "சாப்பிட்டிட்டீங்களா?", "சார்ஜரைக் கண்டனீங்களா?" ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்துக்கு அவனுடைய காரில் போகிறோம். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய நான், அவன் பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு இருப்பேன். அவன் வேலை பற்றிச் சொல்வான், மேலதிகாரியைத் திட்டுவான், ஒருநாள் பாட்டுக்கூடப் பாடினான். அவன் விளையாடுவதைப் பார்க்கவா போகிறேன்? முப்பத்தொன்றில் இரண்டைப் பார்க்க யார் மழையில் நிற்பார்? அந்தக் காருக்காகத்தான் போகிறேன். இனி அவன் ரெயிலில் போய்விடுவான், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் டீவியோடு இருப்பேன். இதுதான் என் பயம். மிச்சம் எல்லாம் இந்தப் பயத்தால் நான் செய்த கூத்துகள்.

முதலில் சங்கத்தைக் கூட்டினேன். பருந்துகளின் ஆதரவாளர் சங்கத்தில் நாங்கள் ஏழு பேர். தலைவர் நான், உபதலைவர் இருவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் போக அம்பலவாணன் அண்ணை மட்டும் பதவி இல்லாதவர். அதனால் வாயைத் திறந்தாலே "பொதுமக்கள் சார்பிலை" என்றுதான் தொடங்குவார். சிவன் கோவிலில் பூசை முடிந்து அன்னதானம் தொடங்குவதற்கு முன் அவசரக் கூட்டம். ஒரு உபதலைவர் எழுந்து, "மிதுலனைக் குடுத்தது அணியின்ரை எதிர்காலத்துக்கே கொள்ளி" என்று மேசையில் அடித்தார். மற்ற உபதலைவர், "விசர்க்கதை. இனி ஒரு ஆட்டமெண்டாலும் வெல்லுவம்" என்றார். தகப்பன் முன்னால் இருக்கிறேன் என்ற யோசனை ஒருவருக்கும் இல்லை. அம்பலவாணன் அண்ணை, "பொதுமக்கள் சார்பிலை சொல்லுறன், நொண்டி மாட்டைக் குடுத்துக் கிழட்டு மாட்டை வாங்கியிருக்கிறம். இதுக்கேன் இவ்வளவு சத்தம்?" என்றார். கண்டனத் தீர்மானம் நாலுக்கு மூன்றாக நிறைவேறியது. தோற்ற மூவரும் வெளிநடப்புச் செய்து, வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்துக்குள் புதுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் சோறு போடத் தொடங்கியதால் திரும்பி வந்தார்கள். இரண்டு சங்கமும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டோம்.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு பருந்துகளின் பயிற்றுநரிடம் போனேன். பெயர் பிரசாந்தினி, மருந்துக்கடை நடத்துகிற கெட்டிக்காரப் பிள்ளை. நான் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் தீர்மானத்தைப் பெரிய குரலில் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அவள் வந்து என் சட்டைக் கையை மடித்து இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுற்றிவிட்டாள். "அங்கிள், டீமுக்காக எடுத்த முடிவு. அதை விடுங்கோ. நூற்றி எழுபத்தாறு காட்டுது, குளிசை போட்டனீங்களா?" நான் போடவில்லை என்பதை வரிசையில் நின்ற எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. மகனை மீட்கப் போனவன், ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்தம் பார்த்து எழுதச் சொல்லித் தந்த கொப்பியோடு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு, கொடுக்கிற இடம் எப்படி என்றாவது அறிவோம் என்று வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் கமலாம்பிகைக்குப் போன் எடுத்தேன். நாகேஸ்வரியின் தூரத்து உறவு, அம்மன் கோவிலுக்குக் கிட்ட வீடு. அவவின் மகன் யனுஷன்தான் மயில்களின் கப்டன். விளையாட்டு விஷயம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன்: பொடியங்கள் எப்படி, குடி கிடி உண்டா, பெரியவர்களை மதிப்பார்களா, வேறு ஆட்கள் வந்து நின்று பார்க்க விடுவார்களா. அவ பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு நாகேஸ்வரிக்குத் தனியாகப் போன் எடுத்து, "பந்தடிக்கப் போற பொடியனுக்கு ஆர் இவ்வளவு விசாரிக்கிறது? தேவராசா அண்ணை என்னவோ மறைக்கிறார். இந்தப் பக்கம் பொம்பிளை பாக்கிறியளோ?" என்று கேட்டிருக்கிறா. அடுத்த நாளே ஒரு பிள்ளையின் சாதகக் குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர் மஹதி, பல் வைத்தியர். நாகேஸ்வரி அதை அழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இப்போது வெட்கமான இடத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை, வேறு வழி தெரியாமல், யனுஷனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். சம்பந்தங்களைக் குழப்ப நம் ஆட்கள் கண்டுபிடித்த மருந்து அது ஒன்றுதானே. இடது கையால் எழுதினேன். "மிதுலன் என்பவர் பந்து வந்தால் கண்ணை மூடுபவர். ஓடும்போது பெருமூச்சு விடுபவர். இரவில் மூக்கு அடைக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து இவருடைய தகப்பன். மழை என்றாலும் பனி என்றாலும் ஒரு ஆட்டமும் தவறாமல் வருவார். சட்டி நிறைய வடையோடு வருவார். மகன் மட்டையோடு இறங்கினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கக் கத்துவார், நடுவரோடு வாதாடுவார். ஆகவே இந்த மாற்றத்தைத் தயவுசெய்து கைவிடவும். இப்படிக்கு, மயில்களின் நலன்விரும்பி." இதைவிடப் பயங்கரமாக ஒருவரால் எழுத முடியாது என்று நினைத்தேன். உறையை ஒட்டி, கோவிலுக்குப் போகிற வழியில் தபாலில் போடச் சொல்லி நாகேஸ்வரியிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் மேல்விலாசத்தை வாசிக்க மாட்டாள் என்ற துணிவில், மின்சாரக் கட்டணம் பற்றியது என்று சொன்னேன்.

அவள் போட்டுவிட்டு வந்து, "பின்பக்கம் எங்கட அட்ரஸ் ஒட்டாமல் தந்திட்டியள், நான் ஒட்டிப்போட்டன்" என்றாள். ஏதோ தர்ம ஸ்தாபனம் இலவசமாக அனுப்பிய அந்தச் சின்ன ஒட்டிகள், என் முழுப்பெயரோடு, ஓரத்தில் ஒரு குருவிப் படத்தோடு. நான் குடையும் எடுக்காமல் ஓடிப்போய்ச் சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்றேன். தபால்காரர் வந்தார். என்னுடைய கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சினேன். உள்ளே விழுந்தது உங்களுடையது அல்ல என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் கொப்பியில் எழுதியது நூற்றி எண்பத்திரண்டு.

நாலு நாளாகச் சத்தம் இல்லை. மிதுலன் வீட்டுக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நான் பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறேன். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தகப்பன் இப்படி எழுதினான் என்று அறிந்தால் அந்த இரண்டு வசனமும் இல்லாமல் போய்விடுமே. ஆகவே அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உங்கள் சொல்லுக்கு அவனிடம் மதிப்பு இருக்கிறது, விளையாட்டும் உங்களுக்குத் தெரியும். ஒரு போன் எடுத்து, பருந்துகளை விட்டுப் போவது அவனுடைய திறமைக்கு அழகல்ல என்று சொல்லுங்கள். திறமை என்ற சொல்லைச் சிரிக்காமல் சொல்லுங்கள். கதையோடு கதையாக, மொட்டைக் கடிதம் எதுவும் வந்தால் அது பொறாமைக்காரர் வேலை என்றும் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள்.

லூயிஷாம் சிவன் உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாத காலத்தைத் தரட்டும். முழங்காலுக்கு நல்லெண்ணெயை மறக்க வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு, கடிதத்தின் உள்ளடக்கம் தவிர.

என்றும் உங்கள் பணிவுள்ள மைத்துனன்,
தேவராசா

பி.கு.: அத்தான், போன் எடுக்க வேண்டாம்! உறையை ஒட்டுகிற நேரத்தில் மிதுலன் வேலையால் வந்து, குருவிப் படம் ஒட்டிய உறையை என் முன்னால் வைத்தான். யனுஷன் கொடுத்தனுப்பியதாம். யனுஷனுக்குத் தமிழ் வாசிக்க வராது; அதனால் கமலாம்பிகைதான் முழு அணிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறா. வாட்ஸ்அப்பில் செய்தி வந்தாலும் ஒப்பந்தம் இன்னும் உறுதியாகவில்லையாம்; மயில்கள் அதுவரை மிதுலனை எடுப்பதா விடுவதா என்று இரண்டு மனமாக இருந்தார்களாம். கடிதத்தை வாசித்து முடித்ததும் அவ, "நல்ல பொடியனுக்குத்தான் மொட்டைக் கடிதம் வரும், யோசிக்காமல் எடுங்கோ" என்றாவாம். பொடியங்களுக்குப் பிடித்தது வேறு. மயில்களுடைய ஆட்டத்துக்கு ஒரு தாயோ தகப்பனோ வந்தது கிடையாதாம். "இந்த வடை அங்கிள் உண்மையாவே எல்லா மட்ச்சுக்கும் வருவாரா?" என்று யனுஷன் மிதுலனிடம் கேட்டிருக்கிறான். இவன், "ஏழு வருசத்திலை ஒண்டும் தவறினதில்லை" என்றிருக்கிறான். கையோடு ஒப்பந்தம் முடிந்தது, ஐஸ் பெட்டியும் பருந்துகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். "கண்ணை மூடுறது சரி அப்பா, மூக்கடைப்பு எதுக்கு எழுதினீங்கள்?" என்று கேட்டான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டு மணிக்கு வெளிக்கிடுங்கோ. வடைச் சட்டியோட ரெயினிலை போக ஏலாது, கார்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

ஈலிங்குக்குப் போக ஒன்றேகால் மணித்தியாலம், வர ஒன்றேகால். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நானும் அவனும் பேசிப் பழக்கமில்லை அத்தான். எனக்கு இப்போது அதுதான் பயம். அவன் வயதுப் பிள்ளைகளோடு பேசக்கூடிய விஷயம் நாலைந்து யோசித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். குடும்பக் குழுவில் போடவேண்டாம்.