ஹாட் கேக்கை நம்பாத டெஸ்டிங் மாமா

மும்பையில் ஆங்கிலம் தெரியாதவர்கள் உண்டு, தெரிந்த மாதிரி நடிப்பவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, அது சொல்லும் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத மனிதர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர்தான் எங்கள் குர்லா ஆபீஸின் டெஸ்டிங் மாமா.

எங்களுடையது குக்கர் கேஸ்கட் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. வெளிநாட்டுக்குப் போகும் மெயில் எல்லாம் மாமா கண் பட்டுத்தான் போகும். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்கா வாசம், பிரம்மச்சாரி. தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் இஞ்ச் டேப், காந்தம், நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்ப்போமே, அந்தத் தெர்மாமீட்டர் துப்பாக்கி. எதற்கு என்கிறீர்களா? ஆங்கில மரபுத்தொடர் எதையும் தானே சோதித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது மாமாவின் விரதம்.

சேர்ந்த புதிதில், "எங்கள் கேஸ்கட்கள் செல்லிங் லைக் ஹாட் கேக்ஸ்" என்று எழுதி நீட்டினேன். அமோகமாக விற்கிறது என்று அர்த்தம். உலகமே எழுதுகிறது, நான் எழுதினால் என்ன?

"சூடான கேக் விக்கறதை நீ பாத்திருக்கியோ?"

"இல்ல மாமா. சும்மா அப்படிச் சொல்றதுதானே?"

"சும்மாவா? கம்பெனி பேர் போட்டு அனுப்பறோமாக்கும்!"

மறுநாள் மாமா அரை நாள் லீவு. மாட்டுங்காவில் ஒரு கேக் கடைக்கு எதிரே, முட்டை வாசனைக்குப் பயந்து மூக்கில் கர்ச்சீப்போடு நின்றிருக்கிறார். கேக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். பக்கத்துக் கடையில் மெதுவடைக்கு அடிதடி. அவ்வளவுதான், எங்கள் கேஸ்கட்கள் சூடான மெதுவடை போல விற்கின்றன என்று துபாய்க்கு மெயில் பறந்துவிட்டது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். துபாய்க்காரரோ கேஸ்கட்டுக்கு ஆர்டர் கொடுத்ததோடு, வடைக்கும் விலை கேட்டிருந்தார்.

வைக்கோற்போரில் ஊசி தேடுவது என்பார்களே, அதற்காகத் தேவ்நார் பக்கம் ஒரு எருமைக் கொட்டகைக்கே போய் ஊசியைப் போட்டார். "அரே, பைன்ஸ் மர் ஜாயேகி!" எருமை செத்துவிடும் என்று கொட்டகைக்காரர் கழியோடு ஓடி வருவதற்குள், காந்தத்தைக் காட்டி ஊசியை எடுத்துவிட்டாராம். "சுலபமாக்கும். இதுக்குப் போய் இத்தனை பில்டப்பா?" என்றார்.

ஒருநாள் நான் லேட். லோக்கல் ரயிலில் "பேக்ட் லைக் சார்டீன்ஸ்" என்று காரணம் எழுதினேன். டப்பாவில் அடைத்த சாளை மீன் போல நெருக்கியடித்து வந்தேன் என்று அர்த்தம். விடுவாரா? என்னையே ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னார். நான் தாராவிக்காரி, திருநெல்வேலி வம்சம், எனக்குச் சாளை புதிதா? மொட்டை மாடியில் டப்பாவைத் திறந்தேன். வெங்காயம்கூடத் தொடாத மாமா, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"எண்ணெ இருக்கோ?"

"நிறைய இருக்கு மாமா."

"சண்டை கிண்டை போட்ட மாதிரி தெரியறதோ?"

"செத்த மீன் மாமா!"

"பாத்தியா! லோக்கல்ல ஏது எண்ணெ, ஏது அமைதி? மீனை அவமானப்படுத்தாதே. அந்த வரியை அடி."

இப்படிப்பட்ட மனிதரைக் கல்யாணத்துக்கு அழைக்கலாமா? அழைத்தேன்.

மாப்பிள்ளை டோம்பிவிலி. நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவையோடு காத்திருந்தவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். சேர்ந்து வடா பாவ் சாப்பிட்டதைத் தவிர இவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயுசு முழுக்க இவனோடா? அறையைத் தாழ் போட்டுவிட்டேன்.

"ஏட்டி, கதவத் தொறட்டி! முகூர்த்தம் போவுதுல்லா!" என்று வெளியே அம்மா அழுதாள். எனக்கும் அழுகைதான். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் "ஐ ஹாவ் கோல்ட் ஃபீட்" என்று தட்டினேன். கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவதை, கால் சில்லிட்டுவிட்டது என்பான் வெள்ளைக்காரன்.

கதவு தட்டப்பட்டது. "கொழந்தே, காலை மட்டும் நீட்டு. பாத்துட்டுப் போயிடறேன்."

அந்த அழுகையிலும் சிரிப்பு வந்து தொலைத்தது. கதவை ஒரு சாண் திறந்து மருதாணிக் காலை நீட்டினேன். துப்பாக்கி பீப் என்றது.

"முப்பத்துநாலு! சில்லுன்னுதான் இருக்கு. வெள்ளைக்காரன் இந்த ஒண்ணுல பொய் சொல்லலை."

"அப்போ கல்யாணம் வேண்டாமா மாமா?"

"இரு. ஒருத்தர் காலை மட்டும் பாத்து முடிவு பண்ணப்படாது."

சற்று நேரத்தில் மாப்பிள்ளை அறைப் பக்கம் அவன் சொந்தக்காரர்கள் ஒரே கூச்சல். "யாருவே நீரு? மாப்பிள்ள கால எதுக்குவே புடிக்கீரு?" மாமா மூச்சு வாங்க ஓடி வந்தார். சட்டையில் ஒரு பட்டனைக் காணோம்.

"முப்பத்தொண்ணு! உன்னைவிட அவனுக்குத்தான் நடுங்கறது. காலைப் பிடிச்சவனை யாருன்னுகூடக் கேக்கலை. 'அவ வந்துருவாளா சார்?'ன்னு கேக்கறான். பாவம்டி. போய்ப் பக்கத்துல உக்காரு."

கதவை முழுக்கத் திறந்தேன். அம்மி மிதிக்க என் காலைப் பிடித்த மாப்பிள்ளையின் விரல்களும், மாமா அளந்த காலைப் போலவே ஐஸ்தான்.

மாமா இப்போது ரிடையர் ஆகிவிட்டார். அவர் பேச்சு எடுத்தாலே என் வீட்டுக்காரர், "தங்கமான மனுஷன்" என்பார். மாமா காதில் விழுந்தால், எத்தனை கேரட் என்று கேட்டு உரைகல்லைத் தேடிக் கிளம்பிவிடுவார். தேட வேண்டாம் மாமா. அன்று கதவிடுக்கில் காலை நீட்டியவள் சொல்கிறேன், உரசிப் பார்த்தாச்சு.